ஆல்ட்டோவுக்கு மாறிய மகளும் புதிய இசையாசிரியரும்

கேள்வி: என் மகள் பாளையங்கோட்டையில் ஒரு கிறிஸ்தவப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். சிறு வயதிலிருந்தே எங்கள் தெருவில் உள்ள ஓர் அம்மையாரிடம் கர்நாடக சங்கீதம் கற்று வருகிறாள். பள்ளியின் பாடகர் குழுவிலும் இருக்கிறாள். கடந்த இரண்டு கிறிஸ்துமஸ் விழாக்களிலும் தனிப்பாடல் பாடினாள். அங்கே பல ஆண்டுகள் பணியாற்றிய இசையாசிரியை மே மாதம் ஓய்வு பெற்றுவிட்டார். ஜூனில் சேர்ந்த புதிய ஆசிரியர் எல்லாப் பிள்ளைகளின் குரலையும் சோதித்து, என் மகளை மேல்குரலான சோப்ரானோவிலிருந்து அதற்குக் கீழ்க்குரலான ஆல்ட்டோவுக்கு மாற்றிவிட்டார். ‘குரலை அசைக்காமல் பாடு’ என்று அடிக்கடி சொல்கிறாராம். சோல்ஃபா, அதாவது சுரங்களை ஆங்கில எழுத்துகளால் குறிக்கும் முறையில் எழுதிய தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார். அவளுக்கு அது குழப்பமாக இருக்கிறது. சனிக்கிழமைப் பயிற்சிக்கும் அழைத்திருக்கிறார். வீட்டுக்கு வந்தால் அழுகிறாள். அவளுடைய பாட்டு ஆசிரியையோ, இப்படியே போனால் கமகம் (சுரங்களை அசைத்துப் பாடும் அழகு) கெட்டுவிடும் என்கிறார். நாங்கள் இந்துக்கள் என்பதால்தான் அவளை ஒதுக்குகிறார்கள் என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து என் மனம் அமைதியாக இல்லை. அந்த ஆசிரியரை நான் இதுவரை பார்த்ததில்லை. போய்ப் பேசினால் புகார் சொல்ல வந்ததாக நினைத்துவிடுவாரோ என்று தயங்குகிறேன். அவரை எப்படி அறிந்துகொள்வது?

– ஒரு தாய், திருநெல்வேலி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அவசியம் போய்ப் பாருங்கள். அந்த ஆசிரியரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தவை யாவும் மகள், பாட்டு ஆசிரியை, உறவினர் ஆகிய மூவர் வழியாக வந்தவை. மூவரும் உங்கள் நலம் நாடுபவர்களே என்றாலும், அவர்களுள் யாரும் அவரிடம் நிதானமாக உட்கார்ந்து பேசியதாகக் கடிதத்திலிருந்து தெரியவில்லை. பள்ளிப் பாடகர் குழுக்களை நெடுங்காலம் நடத்திவிட்டு, இப்போது இசையாசிரியர்களுக்குப் பயிற்சி அளித்துவரும் எனக்குத் தெரிந்தவரை, புதிதாக வந்த இசையாசிரியரைத் தேடிச் சென்று ‘என் பிள்ளையின் குரல் எப்படி இருக்கிறது’ என்று கேட்கும் பெற்றோர் மிகவும் குறைவு. அப்படிக் கேட்டவரைப் புகார் சொல்ல வந்தவராக எண்ணிய ஆசிரியரை நான் கண்டதில்லை. ‘என் பிள்ளைக்கு ஏன் அந்த இடம் இல்லை’ என்று தொடங்கும்போதுதான் பேச்சு முறிகிறது. குரலைப் பற்றிக் கேளுங்கள். இடத்தைப் பற்றிய பதில் அதற்குள்ளேயே வந்துவிடும்.

போவதற்கு முன், அவர் செய்தவற்றின் காரணங்களை ஓரளவு தெரிந்துகொண்டால் உங்கள் மனப்பாரம் பாதி குறையும். ஆல்ட்டோ மாற்றத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நான்கு குரல் பாட்டில் சோப்ரானோ பெரும்பாலும் மெட்டைப் பாடும். ஆல்ட்டோ அதற்குக் கீழே வேறொரு வரிசையைப் பாடும். கேட்பவர்களின் நினைவில் நிற்பது மெட்டு என்பதால், ஆல்ட்டோவுக்குப் போவது தரத்தில் இறங்குவது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். பக்கத்தில் முப்பது பேர் மெட்டைப் பாடிக்கொண்டிருக்கையில் அதில் இழுபடாமல் தன் வரிசையில் நிற்பதற்குத் தேர்ந்த செவி வேண்டும். ஆகவே புதிதாகக் குழுவை ஏற்கும் ஆசிரியர்கள் பலர், சுருதி சுத்தமாகப் பாடும் சில பிள்ளைகளை முதலில் ஆல்ட்டோவில்தான் நிறுத்துவார்கள். அந்தச் சிலரைப் பற்றிக்கொண்டு மற்றவர்கள் பாடுவார்கள். பல ஆண்டுகள் சங்கீதம் கற்ற பெண்ணை அவர் அங்கே வைத்ததில் எனக்கு வியப்பில்லை.

மற்றொரு காரணமும் இருக்கக்கூடும். பதின்மூன்று வயதை ஒட்டிக் குரல் மாறுகிறது. ஆண்பிள்ளைகளுக்கு ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கிவிடுவதால் அது எல்லார் காதுக்கும் தெரிகிறது. பெண்பிள்ளைகளுக்குச் சில சுரங்கள் மட்டுமே இறங்குவதால் வீட்டில் ஒருவரும் கவனிப்பதில்லை. ஆனால் இந்தக் காலத்தில் குரல்நாண்கள் முழுமையாகச் சேராமல் சிறிது இடைவெளி விடுவதால் ஒலியோடு காற்றும் கலந்து வரும். சென்ற ஆண்டு எளிதாக எட்டிய மேல்சுரங்கள் இந்த ஆண்டு நழுவும். அந்தச் சுரங்களை வலிந்து எட்டப் பழகிய பிள்ளை தொண்டையை இறுக்கிப் பாடக் கற்றுக்கொள்கிறாள். அந்தப் பழக்கத்தைப் பின்னால் மாற்றுவது கடினம். குரல் சோதனையில் அவர் இதைக் கவனித்திருந்தால், உங்கள் மகளுக்குப் பெரிய நன்மையைச் செய்திருக்கிறார். ‘மேலே எந்தச் சுரம் வரை அவளுக்கு இறுக்கம் இல்லாமல் வருகிறது?’ என்று அவரிடம் கேளுங்கள். தெளிவான பதில் வந்தால், பிள்ளைகளின் குரலைக் காதுகொடுத்துக் கேட்கும் ஆசிரியர் அவர் என்று கொள்ளலாம். ‘ஆல்ட்டோவுக்கு ஆள் குறைவாக இருந்தது’ என்று மட்டும் சொன்னாலும் அதில் குற்றமில்லை. அப்போது, ஒரு பருவம் கழித்து மீண்டும் சோதித்துப் பார்க்க முடியுமா என்று கேட்கலாம்.

அடுத்து, ‘குரலை அசைக்காதே’ என்ற சொல். உங்கள் மகளை இதுதான் அதிகம் புண்படுத்தியிருக்கும் என்று நினைக்கிறேன். அசைவை அழகாகச் செய்வதற்குத்தானே அவள் இத்தனை ஆண்டுகள் உழைத்திருக்கிறாள்! கர்நாடக இசையில் ஒரு சுரம் தன் அண்டைச் சுரங்களைத் தொட்டு அசைந்தால்தான் ராகத்தின் உருவம் தெரியும். நான்கு குரல் இசை வேறொன்றை நம்பியிருக்கிறது: ஒரே கணத்தில் ஒலிக்கும் மூன்று நான்கு சுரங்களின் பொருத்தத்தை. அவற்றுள் ஒன்று அசைந்தாலும் அந்தப் பொருத்தம் கலைந்துவிடும். அவர் கேட்பது இந்த வகைப் பாட்டின் தேவையை. அவள் கற்ற கலையை அவர் பழிக்கவில்லை. இதை அவளுக்கு அவரே விளக்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒருவேளை அவள் கர்நாடக இசை கற்பவள் என்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். நடுக்கம் என்று எண்ணித் திருத்தியிருக்கலாம். நீங்கள் போய்ச் சொல்ல வேண்டிய முதல் செய்தியே இதுதான்.

பாட்டு ஆசிரியையின் அச்சத்தையும் நான் தள்ளிவிடவில்லை. தான் வளர்த்த குரலைப் பற்றி அவருக்கு அக்கறை இருக்கிறது. ஆனால் அவருக்கே நன்கு தெரிந்த சான்று ஒன்று உண்டு. முத்துசுவாமி தீட்சிதர், ஆங்கிலேயர்களின் பேண்டு இசையில் கேட்ட மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் அமைத்து நோட்டுஸ்வரங்களைத் தந்தார். அவை சங்கராபரணத்தின் சுரங்களில், பெரும்பாலும் கமகமின்றி, நேர்ச்சுரமாகவே பாடப்படுகின்றன. பல ஆசிரியர்கள் இன்றும் அவற்றைச் சிறு பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய வயலினைக் கற்று நம் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர். நேர்ச்சுரம் பாடியதால் ஒருவரின் கமகம் கெட்டதாக நான் அறிந்ததில்லை. இரண்டு முறைகளையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளும் பிள்ளைக்குச் சுரஸ்தான சுத்தம் கூடுகிறது என்பதையே நான் மீண்டும் மீண்டும் பார்த்திருக்கிறேன். ஒரே நாளில் இரண்டு பயிற்சிகள் அடுத்தடுத்து வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது போதும்.

சோல்ஃபாத் தாளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்; உங்கள் மகளின் குழப்பத்துக்கு நியாயமான காரணம் இருக்கிறது. இங்கிலாந்தில் நாரிச் நகரத்து ஆசிரியை சாரா குளோவர் வகுத்த முறையை, ஜான் கர்வென் என்ற போதகர் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விரிவாக்கிப் பரப்பினார். ஐந்து கோட்டு இசைக்குறிப்பு தெரியாத எளிய பிள்ளைகளும் தாளைப் பார்த்துப் பாட வேண்டும் என்பதே அவர்களின் நோக்கம். மிஷனெரிகள் வழியாக நம் நாட்டுக்கு வந்த அந்த முறை, தென்மாவட்டத் திருச்சபைகளின் பாடகர் குழுக்களில் இன்றும் உயிரோடு இருக்கிறது. அதில் டோ, ரே, மி, ஃபா, ஸோ என்று வரும் சுரங்களை அவற்றின் முதல் ஆங்கில எழுத்தால் குறிப்பார்கள். ஆகவே ‘டி’ என்ற எழுத்து அங்கே ஷட்ஜமம். நம் முறையில் பழகியவளுக்கோ அதைக் கண்டதும் ‘த’ என்ற தைவதம் வாயில் வரும். ‘எஸ்’ அங்கே பஞ்சமம். அவள் அதை ‘ஸ’ என்று படிப்பாள். ‘எம்’ அங்கே காந்தாரம். அவளுக்கு அது மத்திமம். சங்கீதமே தெரியாத பிள்ளை இந்தத் தாளை எளிதாகக் கற்றுவிடும். தெரிந்த பிள்ளைதான் தடுமாறும். அவள் அறிவுக் குறைவால் தடுமாறவில்லை என்பதை இன்றே அவளிடம் சொல்லுங்கள்.

வேறுபாடு எழுத்தோடு நின்றுவிடுகிறது. டோ எந்தக் கட்டையிலும், அதாவது எந்தச் சுருதி உயரத்திலும் நிற்கலாம். நம் ஷட்ஜமமும் அப்படியே. மேஜர் ஸ்கேல் என்று அவர் சொல்வது 29-ஆவது மேளகர்த்தாவான (தாய் ராகமான) தீர சங்கராபரணத்தின் சுரங்களே. இயல்பான மைனர் ஸ்கேல் 20-ஆவது மேளமான நடபைரவியின் சுரங்கள். பாட்டு எந்தச் சுருதியில் என்பதை அந்தத் தாளின் தலைப்பில் எழுதியிருப்பார்கள்: ‘சி’ என்றால் ஒரு கட்டை, ‘டி’ என்றால் இரண்டு, ‘எஃப்’ என்றால் நான்கு, ‘ஜி’ என்றால் ஐந்து. வீட்டில் சுருதிப் பெட்டியை அந்தக் கட்டையில் வைத்து, ஆல்ட்டோ வரிசையை முதலில் ச ரி க ம என்றே பாடிப் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு அதே வரிசையை டோ, ரே, மி என்று பாடட்டும், கடைசியில் சொற்களோடு. வழக்கமாகத் தன் ஒரே சுருதியில் பாடிப் பழகியவளுக்குப் பாட்டுக்குப் பாட்டு கட்டை மாறுவது முதலில் இடறும். சில வாரங்களில் பழகிவிடும். இதை அவள் செய்து காட்டினால் அந்த ஆசிரியரின் மகிழ்ச்சியை நீங்களே பார்ப்பீர்கள்.

உங்கள் உறவினர் சொன்னதற்கு வருகிறேன். நீங்கள் எழுதியவற்றுள் மதம் காரணமாக ஒதுக்கியதற்கான அடையாளம் ஒன்றையும் நான் காணவில்லை. எல்லாப் பிள்ளைகளையும் சோதித்திருக்கிறார். அவளைக் குழுவில் வைத்திருக்கிறார். கூடுதல் பயிற்சிக்கும் அழைத்திருக்கிறார். ஒதுக்க நினைப்பவர் இவ்வளவு நேரம் செலவிட மாட்டார். இத்தகைய பள்ளிகளின் பாடகர் குழுக்களில் பிற சமயப் பிள்ளைகள் பாடுவது புதிதும் அன்று. அதே சமயம், கிறிஸ்தவப் பள்ளியில் இசையாசிரியரின் வேலை எது என்பதையும் நாம் தெளிவாகப் பார்க்க வேண்டும். காலை வழிபாட்டில் பாட்டுக்கு வாசிப்பது, அறுப்பின் பண்டிகைக்கும் கிறிஸ்துமஸுக்கும் குழுவைத் தயாரிப்பது, பள்ளி ஆண்டுவிழா, பள்ளிகளுக்கிடையிலான போட்டிகள் ஆகிய அனைத்தும் ஒருவர் தலையில் விழுகின்றன. அந்தப் பாட்டுகளில் பெரும்பகுதி வழிபாட்டுப் பாட்டு. அவருக்கு அது நம்பிக்கையும் ஆகும். உங்கள் குடும்பத்துக்கு அதில் தடையில்லை என்றால் மனமார அனுப்புங்கள். தடை ஏதேனும் இருந்தால் அதையும் நேராகச் சொல்லலாம்: அரசு ஏற்பு பெற்ற அல்லது அரசு நிதியுதவி பெறும் கல்வி நிறுவனத்தில், பெற்றோரின் இசைவின்றி எந்தப் பிள்ளையையும் சமய போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று நம் அரசியலமைப்பின் 28(3)-ஆவது பிரிவு கூறுகிறது. சண்டைக்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் சம்மதத்தோடுதான் அவள் பாடுகிறாள் என்ற உறுதியோடு நீங்கள் அந்த அறைக்குள் செல்ல வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் மகளின் பயிற்சிக்கு அங்கே இடமும் உண்டு. தமிழ்க் கிறிஸ்தவர்கள் மேல்நாட்டு மெட்டில் பாடும் பாமாலைகளோடு, பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று அமைந்த கீர்த்தனைகளையும் பாடுகிறார்கள். கீர்த்தனைப் புத்தகத்தில் பாட்டின் தலைப்பிலேயே ராகமும் தாளமும் அச்சிடப்பட்டிருக்கும். 1774-இல் திருநெல்வேலியில் பிறந்து தஞ்சையில் வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் போன்றவர்கள் அந்த மரபை வளர்த்தார்கள். ராகம் பிசகாமல் கீர்த்தனையை எடுத்துப் பாடத் தெரிந்த பிள்ளைகள் இன்று பள்ளிகளில் அரிது. ‘என் மகள் ராக, தாளத்தோடு பாடுவாள், கீர்த்தனை பாட ஆள் வேண்டுமானால் சொல்லுங்கள்’ என்று நீங்கள் சொன்னால், அது வேண்டுகோளாக இராது, உதவியாகவே இருக்கும்.

சந்திப்புக்கு வகுப்பாசிரியை வழியாக, பள்ளி நாட்குறிப்பில் எழுதி, மாலை நேரத்தில் கால் மணி நேரம் கேளுங்கள். காலை வழிபாட்டுக்கு முந்தைய அரைமணி நேரம் அவருக்கு மூச்சுவிடவும் நேரமிராது. டிசம்பரில் எந்த நேரமும் அப்படித்தான். வாசலில் நிறுத்திப் பேச வேண்டாம். முதலில் அவரைப் பற்றிக் கேளுங்கள்: எங்கே கற்றார், என்ன கருவி வாசிப்பார், எந்தத் திருச்சபையின் பாடகர் குழுவில் வளர்ந்தார் என்று. இசையாசிரியர்கள் வெவ்வேறு வழிகளில் வருகிறார்கள். ஒருவர் லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிரேடு தேர்வுகளை எழுதியிருப்பார். ஒருவர் திருச்சி கலைக்காவிரியில் படித்திருப்பார். ஒருவர் அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் இந்திய இசை எழுதித் தேறியிருப்பார். ஒருவர் ஆலயத்து ஆர்கனில் அமர்ந்தே எல்லாவற்றையும் கற்றிருப்பார். அவர் வந்த வழி தெரிந்தால், அவர் எதை முக்கியமாகக் கருதுகிறார் என்பதும் விளங்கும். முந்தைய ஆசிரியையோடு ஒப்பிட்டு ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். வந்த நாள் முதல் அந்த ஒப்பீட்டைத்தான் எல்லாரும் சொல்ல அவர் கேட்டுக்கொண்டிருப்பார். தனிப்பாடலைப் பற்றியும் இந்த முதல் சந்திப்பில் கேட்க வேண்டாம் என்பதே என் கருத்து. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் 1918 முதல் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் நடந்துவரும் ஆராதனையில் தொடக்கப் பாட்டின் முதல் சரணத்தைத் தனியே பாடப்போகும் சிறுவன் யார் என்பது, பாட்டு தொடங்கும் கணத்தில்தான் அவனுக்கே தெரியவரும். பல சிறுவர்களும் அதற்கு ஆயத்தமாக நிற்பார்கள். உங்கள் மகளும் அப்படி ஆயத்தமாக இருக்கட்டும்.

அவரை உண்மையில் அறிய வேண்டுமானால், ஒரு பயிற்சியைப் பின்வரிசையில் அமர்ந்து கேட்க அனுமதி கேளுங்கள். குரலைப் பதப்படுத்தும் பயிற்சிகளோடு தொடங்குகிறாரா, ஒவ்வொரு பிரிவுக்கும் தொடக்கச் சுரத்தைக் கொடுக்கிறாரா, ‘இன்னும் சத்தமாக’ என்று தொண்டையைக் கிழிக்கச் சொல்கிறாரா, தவறிய பிள்ளையை மற்றவர்கள் முன் கேலி செய்கிறாரா, குரல் உடையும் பையனை என்ன செய்யச் சொல்கிறார் என்று கவனியுங்கள். இசை தெரியாதவர்களுக்கும் இவை தெரியும். கேலி செய்பவராக இருந்தால், எவ்வளவு வித்தை இருந்தாலும், நான் உங்கள் பக்கம் நின்று தலைமையாசிரியரிடம் பேசச் சொல்வேன்.

சனிக்கிழமைப் பயிற்சிக்கு, எந்தப் புதியவரானாலும் கேட்க வேண்டியவற்றைத் தயங்காமல் கேளுங்கள். பள்ளியின் சுற்றறிக்கை வந்திருக்கிறதா, எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள், உடன் ஓர் ஆசிரியை இருப்பாரா, எத்தனை மணிக்கு முடியும் என்பவை அவை. தனியாக ஒரு பிள்ளைக்கு மூடிய அறையில் பயிற்சி வேண்டாம்; செய்திகள் பெற்றோரின் கைப்பேசிக்கு வரட்டும். நல்ல ஆசிரியர் இந்தக் கேள்விகளை வரவேற்பார், அவை அவரையும் காக்கின்றன.

மகளிடம் ஒன்று சொல்லுங்கள். பதின்மூன்று வயதில் எல்லாவற்றுக்கும் அம்மா தூது போகத் தேவையில்லை. ‘சார், ஆல்ட்டோ வரிசையை ஒருமுறை மட்டும் வாசித்துக் காட்டுவீர்களா? அலைபேசியில் பதிவுசெய்துகொண்டு வீட்டில் பழகுகிறேன்’ என்று அவளே கேட்கலாம். பள்ளிக்குள் அலைபேசிக்கு அனுமதி இல்லையென்றால், நீங்கள் சந்திக்கும்போது பதிவுசெய்துகொள்ளலாம். அவள் அழுவது ஓய்வுபெற்ற ஆசிரியையின் பிரிவுக்காகவும் இருக்கலாம். அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

குரல் கரகரப்பு மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால் இரண்டு பயிற்சிகளையும் நிறுத்திவிட்டு, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றபடி, இந்தக் கிறிஸ்துமஸ் வரை அவள் ஆல்ட்டோவிலேயே பாடட்டும். ஜனவரியில், ஆசிரியருக்கும் ஓய்வு கிடைத்த பிறகு, மீண்டும் ஒருமுறை சென்று பாருங்கள். தனிப்பாடலைப் பற்றியும், சோப்ரானோவுக்குத் திரும்புவதைப் பற்றியும் பேச அதுவே ஏற்ற நேரம். குரல் இன்னும் மாறிக்கொண்டிருக்கும் என்பதால், ஒன்பதாம் வகுப்பு தொடங்கும் ஜூனில் இன்னொரு முறை சோதித்துப் பார்க்கும்படி அப்போதே கேட்டுவையுங்கள்.